நீல பேசின்

எங்கள் கார்ஸ்ட் மேட்டில் ஆறு கிடையாது.
பெய்கிற மழையைப் பெய்தவுடன் குடித்துவிட்டு
வாய் துடைத்துக்கொள்ளும் சுண்ணாம்புக் கல்.
சமையலறைத் தொட்டியின் குழாயும்
அதற்குள்தான் எங்கேயோ போகிறது.
எங்கே என்று நாற்பது வருஷமாக
நானும் கேட்டதில்லை, லுட்விக்கும் சொன்னதில்லை.
அடைத்துக்கொண்டால்தானே கேள்வி.

நவம்பரில் நான்கு நாள் அடைமழை.
ஐந்தாம் நாள் காலை, புல்வெளிச் சரிவில்
ஊற்று எதையோ கக்கிப் போட்டிருந்தது.
விரல் கனம், ஒரு சாண் நீளம்,
உரித்த பூண்டின் நிறம்.
கழுத்தோரம் இரண்டு சிவப்பு இறகு.
கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்.
மனித மீன் என்போம் அதை.
பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்ததுண்டு.
என் தொட்டிக்குக் கீழே குடியிருப்பதாக
எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

குகை ஆய்வகத்துக்குப் போன் செய்தேன்.
நெவெங்கா என்றொரு பெண், தூக்கக் குரலில்:
"அதே ஊற்றுத் தண்ணீரில், இருட்டில் வையுங்கள்.
வர இரண்டு மணி நேரமாகும்.
பாத்திரம் சுத்தமா? சோப்பு மிச்சம் இருக்கக் கூடாது.
அது தோலாலும் மூச்சு விடும்."

சுத்தமா என்று
என்னைக் கேட்கிறாள்!
பள்ளி உணவுக்கூடத்தில் முப்பது வருஷம்
தட்டு கழுவிய கை இது.

நீல பேசினை எடுத்துப்போய் ஊற்றில் அலசினேன்.
முகர்ந்தேன்: எலுமிச்சை.
மறுபடி அலசினேன். எலுமிச்சை.
மணலள்ளித் தேய்த்தேன், புல்லைப் பிடுங்கித் தேய்த்தேன்.
எந்த மரத்திலும் காய்க்காத அந்த எலுமிச்சை
ஏழாவது தடவையும் சிரித்தது.
அலசிய தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பது
எட்டாவது தடவையில்தான் உறைத்தது.
அது பத்தடி தள்ளி, ஈரச் சருகில்,
இறகை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு ஓடினேன்.
கல்யாணத்துக்கு வந்த சூப் கிண்ணம்
கண்ணாடி அலமாரியில் இருந்தது.
தகுந்த விருந்தாளி வரட்டும் வரட்டும் என்று
ஒருநாளும் இறக்காதது, தூசி துடைத்ததோடு சரி.
மூடியும் உண்டு, ரோஜாப்பூ போட்டது.
நெவெங்கா வந்து திறந்து பார்த்தபோது
அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை ஊருக்குள் போய்க்
கடை அலமாரி முன் கண்ணாடி மாட்டி நின்றேன்.
எல்லாப் புட்டியிலும் பச்சை இலை.
ஒன்றில் ஆமை, ஒன்றில் துள்ளுகிற டால்பின்.
கண்ணில்லாதது எதிலும் இல்லை.
இயற்கை என்பது கட்டை விரல் அளவு எழுத்தில்,
உள்ளே என்ன என்பது எறும்பு ஊர்வதுபோல்.
மூடிகளைத் திறந்து திறந்து முகர்ந்தேன்.
விற்கிற பையன் என்னைத் திருடி போலப் பார்த்தான்.
கடைசியில், எதுவுமே மணக்காத ஒன்றை எடுத்தேன்.
விலை இரண்டு பங்கு.

"நுரையே வரலையே" என்றார் லுட்விக்.
யோட்டா சட்டியில் பன்றிக் கொழுப்பு
அசையாமல் உட்கார்ந்திருந்தது.
பொய் சொல்வானேன், பழையது போலக் கழுவவில்லை இது.
ரொட்டியால் வழித்துத் தின்றுவிட்டு
வெந்நீரை ஊற்றி ஊறப்போட வேண்டியிருக்கிறது.
மேலே பன்றிப் பண்ணை இருக்கிறது,
நெடுஞ்சாலை இருக்கிறது, குளிருக்கு உப்பு கொட்டுவார்கள்.
என் ஒரு புட்டியால் மலை பிழைத்துவிடாது.
தெரியும்.

இரவில் கடைசித் தண்ணீர் கடகடவென்று இறங்கும்.
முன்பெல்லாம் அந்தச் சத்தம் பாதியிலேயே
விளக்கை அணைத்துவிடுவார் லுட்விக்.
இப்போது கொஞ்சம் நிற்கிறார்.

ஜன்னல் விளிம்பில்
பழைய எலுமிச்சைப் புட்டி பாதி மீந்திருக்கிறது.
இரண்டு மாதமாகிறது.
எங்கே ஊற்ற?